கணைய மாற்றுக்கு வயது வரம்பு ஒரு வாக்கியத்தில் அடங்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கணையத்தையும் சிறுநீரகத்தையும் ஒருசேர மாற்றிவைக்கும் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறுவை சிகிச்சையின் முறையைப் பொறுமையாக விளக்கிய அந்தக் கட்டுரை, 50 வயதைக் கடந்தவர்களுக்கு இது பொருந்தாது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டது. சிறுநீரக மருத்துவராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வியைச் சில குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடக்கூடும் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். வயது ஒரு பொருட்டே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. அது மிகவும் முக்கியமானது. ஆயினும் இளையவருக்கு நல்லது, முதியவருக்குக் கெட்டது என்ற நேர்கோட்டில் அது இயங்குவதில்லை. எந்த வயதில் எதை இழக்கும் அபாயம் கூடுகிறது என்று பார்த்தால்தான் விளங்கும்.

முதல் கணைய மாற்று 1966 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. வில்லியம் கெல்லி, ரிச்சர்ட் லில்லஹை ஆகிய மருத்துவர்கள் 28 வயதுப் பெண் ஒருவருக்குக் கணையத்தின் ஒரு பகுதியையும் சிறுநீரகத்தையும் பொருத்தினர். சில நாட்கள் அவருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் சுமார் இரண்டு மாதங்களில் அவர் இறந்துவிட்டார். அந்தத் தொடக்கக் காலத்தில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் கரடுமுரடானவை, ரத்தக்குழாய் அடைப்பும் கசிவும் அடிக்கடி நேர்ந்தன. குழந்தைப் பருவத்தில் முதல் வகை நீரிழிவு வந்தவர்களில் இதயம் கெடாமல் 50 வயதை எட்டியவர்கள் அன்று அரிது. பல மையங்கள் 45 என்றும் 50 என்றும் கோடு போட்டுக்கொண்டது அந்தச் சூழலில்தான். எதிர்ப்பாற்றலை அடக்கும் புதிய மருந்துகளான சைக்ளோஸ்போரின் 1980களிலும், டாக்ரோலிமஸும் மைக்கோபீனோலேட்டும் 1990களிலும் வந்து நிலைமையை மாற்றின. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான சிகிச்சையும் வளர்ந்தது. கோடு மட்டும் பலருடைய நினைவில் அதே இடத்தில் நின்றுவிட்டது.

இந்தத் துறையின் புள்ளிவிவரங்களை வாசிக்கும்போது பொதுவாகத் தவறவிடப்படும் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பொருத்தப்பட்ட கணையம் இழக்கப்பட்டது என்று, மாற்று அறுவைகளின் விளைவுகளைத் தொகுத்து வைக்கும் பதிவேட்டில் எழுதப்படுவதற்குள் முற்றிலும் வேறுபட்ட நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. அறுவை முடிந்த சில நாட்களிலேயே ரத்தம் உறைந்து குழாய் அடைபட்டோ, குடலோடு இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டோ கணையத்தை எடுத்துவிட நேரலாம். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து, பெறுபவரின் எதிர்ப்பாற்றல் அதை அயல் உறுப்பு என்று கண்டு அழித்துவிடலாம்; இதைத்தான் நிராகரிப்பு என்கிறோம். கணையம் குறைவின்றி இன்சுலின் சுரந்துகொண்டிருக்கும்போதே, அதைப் பெற்றவர் மாரடைப்பாலோ தொற்றாலோ புற்றுநோயாலோ இறந்துவிடலாம். கடைசியாகச் சொன்னதில் கணையத்தின் மீது எந்தக் குறையும் இல்லை என்றாலும், பெரும்பாலான கணக்குகளில் அதுவும் உறுப்பு இழப்பாகவே சேர்கிறது. இன்சுலின் மீண்டும் எவ்வளவு தேவைப்பட்டால் கணையம் செயலிழந்ததாகக் கொள்வது என்பதில்கூட மையத்துக்கு மையம் நீண்டகாலம் வேறுபாடு இருந்தது. அமெரிக்காவில் 2018இல்தான், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 யூனிட் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து 90 நாட்கள் இன்சுலின் தேவைப்படுவது என்ற பொது அளவுகோல் நடைமுறைக்கு வந்தது.

இவை எல்லாவற்றையும் கூட்டி ஒரே விகிதமாகத் தந்தால், 30 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் கணையம் நிலைத்திருக்கும் அளவு அவ்வளவாக வேறுபடாதது போலத் தோன்றக்கூடும். பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. இளையவர்கள் கணையத்தை இழப்பதில் நிராகரிப்பின் பங்கு அதிகம். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஊசிக்குத் திரும்புகிறார்கள். மூத்தவர்களில் நிராகரிப்பு குறைவு, ஆனால் வேலை செய்யும் கணையத்தோடு இறப்பவர்கள் அதிகம். பெரிய பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருப்பது இந்தப் போக்கைத்தான்: வயது ஏற ஏறப் பெறுபவர் உயிர்வாழும் விகிதம் படிப்படியாகக் குறைகிறது, எதிர்ப்பாற்றலால் உறுப்பு அழியும் விகிதமும் கூடவே குறைகிறது. 50 என்ற எண்ணில் வந்து திடீரென இறங்கும் பள்ளம் எதுவும் இல்லை.

இளையவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் வயது என்றதும் நாம் முதியவர்களைப் பற்றி மட்டுமே யோசிக்கிறோம். இளம் உடலின் எதிர்ப்பாற்றல் வீரியமானது. தொற்றிலிருந்து காக்கும் அதே வீரியம் பொருத்திய உறுப்பையும் தாக்குகிறது. கணையமும் சிறுநீரகமும் ஒரே கொடையாளரிடமிருந்து ஒன்றாக வரும்போது, சிறுநீரகம் எச்சரிக்கை மணியாக உதவுகிறது. நிராகரிப்பு தொடங்கினால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் உயர்ந்து காட்டிக்கொடுக்கும், உடனே மருந்தைத் தீவிரப்படுத்தலாம். சிறுநீரகம் கெடாத இளையவருக்குக் கணையத்தை மட்டும் பொருத்தும்போது அந்த முன்னறிவிப்பு இல்லை. கணையம் சுரக்கும் நொதிகளான அமைலேஸ், லிப்பேஸ் ஆகியவற்றின் ரத்த அளவுகள் ஓரளவு துப்புக் கொடுக்கும். ஆனால் ரத்தச் சர்க்கரை ஏறும் வரை காத்திருந்தால், இன்சுலின் சுரக்கும் செல்களில் பெரும்பகுதி அதற்குள் போயிருக்கும். சேர்த்துப் பொருத்திய கணையங்களில் பாதி சுமார் 14 ஆண்டுகள் நிலைக்கும் என்று சர்வதேசப் பதிவேட்டின் கணிப்பு சொன்ன அதே காலத்தில், தனியாகப் பொருத்தியவற்றுக்கு அது சுமார் 7 ஆண்டுகளாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று, மருந்தை விடாமல் சாப்பிடுவது. பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை உள்ளவர்களிடம் மாற்று உறுப்பு இழப்பு கூடுதலாக இருப்பது சிறுநீரக மாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி. இதை ஒழுக்கக் குறைவாகக் கருதிக் கடிந்துகொள்ளும் மருத்துவர்களையும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு எப்போதும் வருத்தம் தந்தது. படிப்பு முடிந்து வேலை தேடும் காலம், குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்கள் மருத்துவரிடம் மாறும் காலம், வீட்டை விட்டு விலகி வாழத் தொடங்கும் காலம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும் வயது அது. அந்த வயதினருக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அவர்களுக்குக் கண்காணிப்பும் துணையும் கூடுதலாக வேண்டும் என்றுதான் சொல்கிறோம். அதே நியாயம், வேறு வகை ஆபத்தைச் சுமக்கும் 55 வயதுக்காரருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மூத்தவர்களின் உடலில் நிகழ்வது என்ன? எதிர்ப்பாற்றலின் முக்கியப் படையான டி செல்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இளம் வயதிலிருந்தே சுருங்கிக்கொண்டு வருகிறது. ஐம்பதுகளில் புதிய டி செல்களின் வரத்து மிகவும் குறைந்திருக்கும். அதனால் அயல் உறுப்பை எதிர்க்கும் வேகம் தணிகிறது. அதே காரணத்தால் சைட்டோமெகலோ வைரஸ் போன்ற தொற்றுகளையும், கட்டுப்பாடிழந்து பெருகும் செல்களையும் அடக்கும் திறனும் தணிகிறது. இந்நிலையில் 25 வயதுக்காரருக்குத் தரும் அதே அளவு மருந்தை 58 வயதுக்காரருக்கும் தந்தால், தேவைக்கு மீறி எதிர்ப்பாற்றலை அடக்கிவிடுகிறோம். இந்த மருந்துகளை ஆராய்ந்த சோதனைகளில் மூத்தவர்கள் குறைவாகவே சேர்க்கப்பட்டார்கள் என்பதால், நமக்குத் தெரிந்த அளவுகள் பெரும்பாலும் இளைய உடல்களிலிருந்து கற்றவை. கணைய மாற்றில், டி செல்களை அழிக்கும் வீரியமான மருந்தோடு தொடங்குவது பரவலான வழக்கம். மூத்தவரிடம் அதை எவ்வளவு தணிக்கலாம் என்பது ஒவ்வொருவரையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியது.

எல்லாவற்றையும்விட இதயமும் ரத்தக்குழாய்களும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. நீண்டகால நீரிழிவில் நரம்புகள் கெட்டுப்போவதால், இதயத்துக்கு ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். நோயாளி, ‘எனக்கு நெஞ்சு வலியே இல்லை’ என்பார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார், ஆனால் அந்த உண்மையை நம்பி அவரை அறுவை மேசைக்கு அனுப்ப முடியாது. மருந்து கொடுத்து இதயத்தை உழைக்கவைத்து எடுக்கும் எக்கோ, தேவையானால் ஆஞ்சியோகிராம், இவை இல்லாமல் மூத்தவரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பது பொறுப்பற்ற செயல். புதிய கணையத்தின் இரு தமனிகளைக் கொடையாளரின் இடுப்புத் தமனியிலிருந்து எடுத்த கவட்டை வடிவக் குழாயால் ஒன்றாக்கி, அதைப் பெறுபவரின் இடுப்புத் தமனியில் தைக்கிறார்கள். அந்தத் தமனியின் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் தையலுக்கு இடமே கிடைக்காது. சி.டி. ஸ்கேனில் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறந்த தேதி சொல்லாததை அந்தத் தமனிச் சுவர் சொல்லும்.

தேர்ந்தெடுத்த மூத்தவர்களிடம் ரத்தக்குழாய் அடைப்பு, கசிவு போன்ற தொடக்கக் காலச் சிக்கல்கள் இளையவர்களைவிடப் பெரிதாகக் கூடவில்லை என்று பல மையங்கள் தெரிவித்திருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாற்று அறுவைகளில் வயிற்றை மறுபடி திறக்க நேர்வது கணையத்தில் மிகவும் அதிகம். சிக்கல் வருவதற்கான வாய்ப்பைவிட, வந்த சிக்கலிலிருந்து எழுந்து வரும் வலிமைதான் வயதோடு வேகமாகக் குறைகிறது என்பது நான் கண்டறிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 32 வயதுக்காரர் தாங்கிக்கொண்டு மீளும் ஒரு வாரத்தை, நடக்கவே தடுமாறும் 57 வயதுக்காரரால் தாங்க முடியாமல் போகலாம். ஆகவே கைப்பிடியின் வலிமை, நடையின் வேகம், தசையின் அளவு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும் திறன் ஆகிய எளிய சோதனைகளுக்கு நான் பெரு மதிப்புத் தருகிறேன். அவை தளர்ச்சியை அளக்கின்றன. தளர்ச்சியும் வயதும் ஒன்றல்ல.

மூத்தவர்களிடமும் நல்ல விளைவு கிடைத்தது என்று சொல்லும் மைய அறிக்கைகளை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அந்த மூத்தவர்கள் பல சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள். இதயம் கெட்டவர், தமனி இறுகியவர், தளர்ந்தவர், புகைப்பதை நிறுத்த முடியாதவர் எல்லோரும் முன்பே விலக்கப்பட்டிருப்பார்கள். அந்த முடிவுகள் நமக்குச் சொல்வது, கவனமாகத் தேர்ந்தால் 50க்கு மேலும் இது பலனளிக்கும் என்பதைத்தான். 50க்கு மேற்பட்ட எவருக்கும் செய்யலாம் என்பதற்கு அவை சான்றாகாது.

வயதைவிட நீரிழிவின் வயதைக் கேட்க வேண்டிய நேரங்களும் உண்டு. எட்டு வயதில் முதல் வகை நீரிழிவு வந்த ஒருவருக்கு இப்போது 48 என்றால், அவருடைய ரத்தக்குழாய்கள் 40 ஆண்டுகளாகச் சர்க்கரையின் தாக்குதலைச் சுமந்திருக்கின்றன. 38 வயதில் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவருக்கு இப்போது 54 என்றால், அந்தச் சுமை 16 ஆண்டுகள். பழைய கோட்டின்படி முன்னவர் உள்ளே, பின்னவர் வெளியே. சோதித்துப் பார்த்தால் முடிவு தலைகீழாக அமையலாம். இரண்டாம் வகையினருக்கும் இப்போது கணைய மாற்று செய்யப்படுகிறது; அவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்களாகவே வருவதால், வயதைப் பற்றிய இந்தக் கேள்வி இனிமேல் இன்னும் அடிக்கடி எழும். அவர்களில் உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் மிகுந்திருந்தால் புதிய கணையமும் திணறும் என்பது வயதோடு தொடர்பில்லாத தனிக் கணக்கு.

எவ்வளவு காலத்துக்குப் பிறகு பலன் கிடைக்கிறது என்பதைக் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. 1998இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கணையம் மட்டும் பொருத்தப்பட்ட 8 பேரின் சொந்தச் சிறுநீரகங்களைத் திசுப் பரிசோதனை மூலம் தொடர்ந்து கவனித்தது. நீரிழிவால் ஏற்பட்ட சேதம் ஐந்தாம் ஆண்டில் குறையவில்லை; பத்தாம் ஆண்டில் கணிசமாகச் சீரடைந்திருந்தது. ஆழமான நன்மைகள் அவ்வளவு காலம் எடுக்குமானால், அந்தக் காலத்தை வாழ்ந்து முடிக்கும் வாய்ப்பு யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியில் வயது நியாயமாகவே இடம்பெறுகிறது. ஆனால் உடனே கிடைக்கும் நன்மையும் ஒன்று உண்டு. சர்க்கரை திடீரெனத் தாழ்வதை உடல் உணர்த்தாமல், முன்னறிவிப்பின்றி மயங்கி விழுபவர்களுக்கு, வேலை செய்யும் கணையம் அந்தப் பயத்தை முதல் வாரத்திலேயே நீக்கிவிடுகிறது. தனியாக வாழும் 56 வயதுக்காரருக்கு அதன் மதிப்பு 26 வயதுக்காரருக்கு இருப்பதைவிடக் குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

சிறுநீரகம் ஓரளவு நன்றாக இருக்கும் மூத்தவருக்குக் கணையத்தை மட்டும் பொருத்துவதில் நான் மிகவும் தயங்குவேன். இதைப் பற்றி மருத்துவ உலகிலேயே கருத்து மோதல் நடந்திருக்கிறது: 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சிறுநீரகம் நன்றாக இருந்து கணையம் மட்டும் பெற்றவர்கள், பெறாமல் காத்திருந்தவர்களைவிடக் குறைவாகவே உயிர்பிழைத்தனர் என்றது, 2004இல் அதே பதிவேட்டை மறு ஆய்வு செய்தவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. உயிர்பிழைப்பில் தெளிவான ஆதாயம் தெரியாத இடத்தில், டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும் இயல்புடையது என்பதும், மூத்தவரின் சிறுநீரகத்தில் இழப்பதற்கு மீதம் அதிகம் இல்லை என்பதும் சேரும்போது, தானியங்கி இன்சுலின் பம்ப்பும் தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியும் முதலில் முயன்று பார்க்கப்பட வேண்டும்.

சிறுநீரகமும் செயலிழந்தவரின் நிலை வேறு. டயாலிசிஸில் இருக்கும் நீரிழிவு நோயாளியின் ஆயுள் வேகமாகக் கரைகிறது. மூத்தவருக்கு இன்னும் வேகமாக. அறுவைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் இறப்பு அபாயம் பட்டியலில் காத்திருப்பவரைவிடக் கூடுதலாக இருக்கும், பிறகுதான் ஆதாயம் தொடங்கும். மூத்தவருக்கு அந்தத் தொடக்க அபாயம் பெரியது, ஆதாயத்தின் காலம் குறுகியது. இந்தக் காரணத்தால், சிறுநீரகம் தர மனமுள்ள உறவினர் ஒருவர் இருந்தால், 50களின் நடுப்பகுதியில் இருப்பவருக்கு முதலில் அந்தச் சிறுநீரகத்தை மட்டும் பொருத்தி டயாலிசிஸிலிருந்து மீட்பதையே நான் பரிந்துரைப்பேன். உடல் தேறிய பிறகு கணையத்தைப் பற்றி யோசிக்கலாம், யோசிக்காமலும் விடலாம். அப்படிக் கொடையாளர் இல்லாதவருக்கு, இதயமும் தமனிகளும் இடம் கொடுத்தால், இரண்டையும் சேர்த்துப் பெறுவது நல்ல வழி.

மூத்தவருக்குத் தரும் கணையம் ஓர் இளையவரிடமிருந்து பறித்ததாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. மூளைச்சாவு அடைந்த கொடையாளர்களின் கணையங்களில் பெரும்பான்மை பயன்படுத்தப்படாமலே போகின்றன என்பதால் கணையத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையானதன்று. கூடவே செல்லும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அது உண்மையான கேள்வி. நல்ல கணையம் தரும் இளைய கொடையாளரின் சிறுநீரகமும் நெடுங்காலம் உழைக்கக்கூடியது. அதற்கான பதிலை ஒரு மருத்துவர் தனியாகச் சொல்லக் கூடாது, வெளிப்படையான ஒதுக்கீட்டு விதிகள் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும்போதும் வயது ஏறுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 47 வயதில் தகுதியானவராக இருந்த ஒருவரை, டயாலிசிஸ் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழித்து மாற்று மையத்துக்கு அனுப்பி, அவர் மேலும் இரண்டு ஆண்டுகள் பட்டியலில் காத்திருந்தால், உறுப்பு வரும்போது அவருக்கு வயது 51. கூடவே டயாலிசிஸின் நான்கு ஆண்டுகள் அவருடைய இதயத்தில் ஏறியிருக்கும். அப்போது வயதைக் காரணம் காட்டி மறுப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி, ஏனெனில் அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது நமது தாமதம். அமெரிக்காவில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டராகக் குறைந்ததுமே காத்திருப்புக் காலம் கணக்கில் ஏறத் தொடங்குகிறது. எந்த நாட்டில் வாழ்பவராயினும், அந்தத் திறன் 30ஐ நெருங்கும்போதே மாற்று மையத்தின் கருத்தைக் கேட்பது நல்லது. பட்டியலில் சேர்ந்தபின்னும் ஆண்டுதோறும் இதயத்தையும் உடல் வலிமையையும் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டாண்டுக்கு முன் எடுத்த எக்கோவை நம்பி நள்ளிரவில் நோயாளியை அழைக்கக் கூடாது.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தச் சிகிச்சை பற்றி மீண்டும் எழுதும்போது, ஒரு மையத்தின் வெற்றி விகிதத்தை மட்டும் வெளியிடாமல், பெறுபவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு இன்சுலின் தேவைப்படவில்லை, எத்தனை பேர் வேலை செய்யும் கணையத்தோடு இறந்தார்கள் என்பதை வயதுவாரியாகத் தனித்தனியே கேட்டு வெளியிடுங்கள். 50 வயதைக் கடந்த நோயாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் மருத்துவரிடம், ‘வயதாகிவிட்டதா?’ என்று கேட்பதை விட்டு, ‘என் இதயத்தில், என் தமனிகளில், என் உடல் வலிமையில் எது தடையாக இருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா?’ என்று கேட்கும்படி அந்தக் கட்டுரையில் எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சிறுநீரக மருத்துவர்